சிறந்த பயனாளி

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை லிப்ட் மெக்கானிக் மூன்று முறை படித்தார். முதல் இரண்டு முறை புரியவில்லை. மூன்றாவது முறை புரிந்ததும் மனைவியிடம் நீட்டினார்.

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் ஒவ்வொரு குழந்தையும் இந்த ஆண்டு நாற்பது மணி நேரம் தன்னார்வச் சேவை செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. தன்னார்வம் கட்டாயம். தன்னார்வம் காட்டத் தவறும் குழந்தைகளின் பெற்றோர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியவள். ஒரே தடவையில் படித்து முடித்தாள்.

"தானா வந்தாத்தானேங்க தன்னார்வம்?"

"முன்னாடி அப்படித்தான் இருந்துச்சு. இப்ப மாத்திட்டாங்க போல."

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலிகளில் பெற்றோர் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆசிரியை மைக்கைப் பிடித்தார்.

"நம்ம பிள்ளைங்க கருணையில பின்தங்கி இருக்காங்க. இதைச் சொல்ல எனக்கே வெட்கமா இருக்கு. பக்கத்துத் தெரு பள்ளிக்கூடத்துல போன வருஷம் ஆறாயிரம் மணி நேரம் கருணை காட்டியிருக்காங்க. நாம இருநூத்திப் பத்து. கஷ்டப்படுறவங்க மேல நமக்கும் அக்கறை இருக்கு. ஆனா அது அந்தப் பள்ளிக்கூடத்து அக்கறையை விட ஒரு மணி நேரமாவது அதிகமா இருக்கணும். இல்லேன்னா அந்த அக்கறைக்கு என்ன அர்த்தம்?"

பெற்றோர் கை தட்டினார்கள். அடுத்து சேவை ஒருங்கிணைப்பாளர் எழுந்தார். பள்ளியில் அப்படி ஒரு பதவி இருப்பது அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அச்சடித்த ஒரு பாரத்தைத் தூக்கிக் காட்டி விளக்கினார். உதவி பெறுபவருக்குப் பயனாளி என்று பெயர். பயனாளியின் கையெழுத்து வேண்டும். சேவைக்கு முன், சேவையின்போது, சேவைக்குப் பின் என்று மூன்று படம் வேண்டும். முதல் படத்தில் பயனாளி வாட்டமாகவும் மூன்றாவது படத்தில் மலர்ச்சியாகவும் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே முகமாக இருந்தால் பாதி நேரம் கழிக்கப்படும்.

மெக்கானிக் கையைத் தூக்கினார். "சார், எங்க பாப்பா வீட்டுல அம்மாவுக்குப் பாத்திரம் துடைச்சுக் குடுப்பா. அதை எழுதலாமா?"

ஒருங்கிணைப்பாளர் அனுதாபத்தோடு சிரித்தார். "அது பாசம் சார். சேவை வேற, பாசம் வேற. ரெண்டையும் கலந்தா கணக்கு குழம்பிடும்."

இரண்டு வாரத்தில் பள்ளி நடையில் ஒரு பலகை மாட்டினார்கள். ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு நேராகவும், மணி நேரத்துக்கு ஒன்றாக, காகித நட்சத்திரங்கள். மெக்கானிக் மகளுக்கு ஒன்றரை. தெருநாய்க்குத் தண்ணீர் வைத்ததற்கு ஒரு முழு நட்சத்திரம் கிடைத்திருக்க வேண்டும்; நாயின் முகம் மூன்று படத்திலும் ஒரே மாதிரி இருந்துவிட்டது. பல் டாக்டரின் மகளுக்கு முப்பத்தொன்று.

மெக்கானிக்குக் கண்ணில் மிளகாய் பட்டதுபோல் இருந்தது.

பல் டாக்டர் இவர்கள் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் இருந்தார். பத்து வருஷமாக டாக்டர் வீட்டுத் துணியிலிருந்து சொட்டும் தண்ணீர் மெக்கானிக் வீட்டுத் துணியில்தான் விழுகிறது. டாக்டர் வீட்டில் நாற்காலி இழுத்தால் மெக்கானிக் வீட்டுக் கூரை உறுமும். இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். மேலே இருப்பவன் மேலேதான் இருப்பான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைகளின் கருணையிலுமா ஒரு மாடி வித்தியாசம் இருக்க வேண்டும்?

"எப்படி முப்பத்தொண்ணு?" என்று மகளிடம் கேட்டார்.

"அவங்க அப்பா கிளினிக்ல வெயிட் பண்றவங்களுக்கு எல்லாம் தண்ணி குடுக்கிறாப்பா. ஊசி போட்டு வாய் மரத்துப் போனவங்க வேணாம்னு சொல்ல முடியாதுல்ல. தலையை ஆட்டுவாங்க. கையெழுத்து வாங்கிப்பா."

"சேவைக்கு முன்னாடி வாட்டம், பின்னாடி மலர்ச்சி?"

"பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒண்ணு எடுப்பா."

அன்று மெக்கானிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் தொழிலில் இந்த வசதி இல்லையே என்று நொந்துகொண்டார். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தால் அவர்கள் நன்றி சொல்வதில்லை, திட்டிவிட்டுத்தான் போவார்கள். முகம் முன்பும் பின்பும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மகளை அழைத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனார். வாசலில் வரிசை. ஐந்து பள்ளிக்கூடச் சீருடைகள். மேலாளர் ஒரு தடித்த நோட்டைப் புரட்டினார்.

"அடுத்த காலி நேரம் ஏழு வாரம் கழிச்சு, வியாழக்கிழமை மூணே கால் மணி. கதை சொல்றதா, நகம் வெட்டுறதா?"

"நகம் வெட்டலாம் சார்."

"நகம் முடிஞ்சு போச்சு. கதைதான் இருக்கு."

பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி இரண்டு கைகளையும் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். "இந்த வாரம் மட்டும் நாலு தடவை வெட்டிட்டாங்க தம்பி. இனி வெட்டணும்னா விரலைத்தான் வெட்டணும். கதை சொல்ல வர்ற பிள்ளைங்களும் ஒரே முயல் கதையைத்தான் சொல்லுதுங்க. அந்த முயல் மேல எனக்கு இப்ப இரக்கமே வர மாட்டேங்குது."

திரும்பும் வழியில், தங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் தடி ஊன்றி நடக்கும் ஓய்வுபெற்ற கணக்கரைக் கேட்கலாம் என்று நினைத்தார். கணக்கர் கதவைப் பாதி திறந்து, வெளியே பிள்ளைகள் யாரும் நிற்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார். காலையில் பால் வாங்கப் போனவரை மூன்று குழுக்கள் மாறி மாறிச் சாலையைக் கடக்க வைத்து, மதியம்தான் வீட்டுக்கு விட்டார்களாம். "பால் திரிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அதற்குள் பலகையில் டாக்டர் மகள் ஐம்பதைத் தாண்டியிருந்தாள். நாற்பதுதானே கேட்டார்கள் என்று மெக்கானிக் ஒருங்கிணைப்பாளரிடம் முறையிட்டார். "கருணைக்கு அளவு உண்டா சார்?" என்றார் அவர்.

பிறகு பூங்கா தூய்மை நாள் வந்தது. நூற்றுப் பத்துக் குழந்தைகள் கையுறை மாட்டிக்கொண்டு பூங்காவில் இறங்கினார்கள். பூங்காவில் ஒரு காகிதம்கூட இல்லை. அன்று காலையே பக்கத்துத் தெரு பள்ளிக்கூடம் வந்து பெருக்கிவிட்டுப் போயிருந்தது.

ஒருங்கிணைப்பாளர் இடுப்பில் கை வைத்து நாலா பக்கமும் பார்த்தார். "இந்த ஊர் ஜனங்களுக்குச் சமூகப் பொறுப்பே இல்ல. ஒருத்தராவது ஒரு மிட்டாய்த் தாளைக் கீழே போட்டிருக்காங்களா பாருங்க."

ஆனால் அவர் முன்யோசனை உள்ளவர். வீட்டுக்கு ஒரு பை சுத்தமான குப்பை கொண்டுவரும்படி பெற்றோருக்கு முந்தைய நாளே செய்தி அனுப்பியிருந்தார். மெக்கானிக் ஒரு பை கொண்டுவந்திருந்தார். டாக்டர் மூன்று பை கொண்டுவந்திருந்தார். காகிதம் தனி, அட்டை தனி, கழுவிக் காயவைத்த டப்பாக்கள் தனி. ஒருங்கிணைப்பாளர் அவற்றைத் தூக்கிக் காட்டி, "குப்பைன்னா இப்படி இருக்கணும்" என்று மற்ற பெற்றோருக்குச் சொன்னார்.

மெக்கானிக்கால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஊஞ்சலுக்குப் பின்னால் ஒரு மண் மேடு இருந்தது. தன் பையை அங்கே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு மகளை மட்டும் சைகை காட்டி அழைத்தால், அத்தனையும் அவள் கணக்கு. பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் சேவையாக அந்த மேட்டுக்கு அப்போதுதான் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். கால் வழுக்கியது. குப்பை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக உருண்டார்கள். கணுக்காலில் ஏதோ முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

முதலில் ஓடி வந்தது டாக்டர் மகள். அவர் கிடந்த கோலத்தை ஒரு பார்வை பார்த்தாள். கழுத்தில் தொங்கிய பையிலிருந்து கேமராவை எடுத்தாள்.

"அங்கிள், முகத்தை அப்படியே வச்சுக்குங்க. முன் படம்."

வலியில் கண்ணீர் முட்டியது. ஆனாலும் மெக்கானிக் அந்த நிலையில் செய்ய முடிந்த ஒரே காரியத்தைச் செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். பாதி நேரமாவது கழியட்டும்.

"மாத்திச் செய்றீங்க அங்கிள். இப்ப அழணும். அப்புறம்தான் சிரிக்கணும்" என்றாள் அவள் பொறுமையாக.

அவருடைய சொந்த மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். ஒருங்கிணைப்பாளர் அவளை மெல்ல விலக்கினார். "உறவுக்காரங்க கொஞ்சம் தள்ளி நில்லும்மா. படத்துல விழுந்தா சேவையா பாசமான்னு சந்தேகம் வரும்."

ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. டாக்டர் மகள் அவரை நீண்டகாலப் பயனாளி என்று பதிவு செய்துவிட்டாள். நீண்டகாலப் பயனாளிக்குச் செய்யும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரமாகக் கணக்கில் வரும். தினமும் சரியாக நான்கு மணிக்கு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தண்ணீர் கொடுத்தாள். செய்தித்தாள் படித்தாள். தலையணையைத் தட்டி வைத்தாள். ஐந்து மணிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

தன் வீட்டு சோபாவில், தன் காலைக் காட்டி, மேல் வீட்டுக்கு நட்சத்திரம் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று மெக்கானிக் வெந்துபோனார். நான்கு மணிக்கு அவளுக்கு வேலையே இருக்கக் கூடாது என்று மூன்றே முக்காலுக்கு மூன்று சொம்பு தண்ணீர் குடித்து வைத்தார். நாலே காலுக்கு ஊன்றுகோலை எடுத்துக் கொடுக்கச் சொல்லி அவளையே கெஞ்ச வேண்டியதாயிற்று. அதைத் தனி வரியாக எழுதிக்கொண்டாள்.

ஒரு நாள் மணி மூன்று ஐம்பது. டி.வி. ரிமோட் கீழே விழுந்துவிட்டது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தெருவில் ஒரு பயனாளி காலியாகியிருப்பதாகத் தகவல்.

"பாப்பா, அதைக் கொஞ்சம் எடுத்துக் குடு."

அவள் ரிமோட்டையும் கடிகாரத்தையும் பார்த்தாள். "இன்னும் பத்து நிமிஷத்துல அவ வந்துடுவாப்பா. அவ எடுத்தா கணக்குல ஏறும். நான் எடுத்தா வீணாப் போயிடும்."

அவள் போன பிறகு மனைவி உள்ளிருந்து வந்து ரிமோட்டை எடுத்து அவர் மடியில் போட்டாள். "நான் எடுத்தது எந்தக் கணக்குன்னு உங்க ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

மூன்றாவது வாரத்தில் டாக்டர் மகள் செய்தித்தாளை மடித்து வைத்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். வகுப்பில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது, கணக்கு டீச்சரின் தும்மல், தனக்கு இருட்டில் அலமாரிக் கதவைப் பார்த்தால் பயம் என்பது. ஒரு நாள், பென்சிலைச் சீவிக்கொண்டே, "எங்கப்பா வாயைத் திறன்னு சொல்றப்போ மட்டும்தான் அங்கிள் என் முகத்தைப் பாப்பாரு. அப்பவும் பல்லைத்தான் பாப்பாரு" என்றாள். மெக்கானிக் பென்சிலைப் பார்த்தார். "பென்சிலை ரொம்பக் கூராச் சீவாதே, உடைஞ்சிடும்" என்றார்.

போகும்போது மாவுக்கட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த அவர் கால்விரல்களின் மேல் போர்வையை இழுத்துவிட்டுப் போனாள். அதைப் பாரத்தில் எழுதவில்லை என்பதை அவர் பிறகுதான் கவனித்தார். மறுநாளிலிருந்து மூன்றே முக்காலுக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். வயிற்றெரிச்சலில்தான் பார்க்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆண்டு விழாவில் தலைமை ஆசிரியையின் குரல் தழுதழுத்தது. "பக்கத்துத் தெரு பள்ளிக்கூடம் ஆறாயிரத்து நூறு. நாம ஆறாயிரத்து நூத்தி நாலு. இந்த நாலு மணி நேரம் எங்கிருந்து வந்துச்சு? நம்ம மெக்கானிக் சாரோட கணுக்கால்ல இருந்து வந்துச்சு. அந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனையோ வசதி இருக்கு. ஆனா இப்படி ஒரு எலும்பு முறிவு அவங்களுக்குக் கிடைக்கல. இன்னும் நல்ல சேதி என்னன்னா, சாருக்கு முழுசா குணமாக இன்னும் பத்து நாள் இருக்கு."

சிறந்த பயனாளி என்று மெக்கானிக்கை மேடைக்கு அழைத்தார்கள். சிறந்த சேவகிக்கான கேடயத்தை வாங்கிய டாக்டர் மகள், அதை அவர் கையில் கொடுத்துவிட்டு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். புகைப்படக்காரர் சொன்னதால் அல்ல. இரண்டாவது வரிசையில் டாக்டர் கை தட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் முதலில் நின்றது அவருடைய கைதட்டல்தான். மெக்கானிக் அதைப் பார்த்தார். பத்து வருஷத்தில் முதல் முறையாக, தன் வீட்டுத் துணித் தண்ணீர் மாடி ஏறி டாக்டர் வீட்டுத் துணியில் சொட்டியதுபோல் குளிர்ந்தது.

தலைமை ஆசிரியை இன்னும் முடிக்கவில்லை. "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. அதே மாதிரி ஊரான் அப்பாவைக் கவனிச்சா தன் அப்பா தானா கவனிக்கப்படுவார். நாளையில இருந்து பரிமாற்றத் திட்டம். உங்க வீட்டு வேலையை அடுத்த வீட்டுப் பிள்ளை செய்யும். அடுத்த வீட்டு வேலையை உங்க பிள்ளை செய்யும். வேலை அதேதான். ஆனா பாசம் சேவையாயிடும்."

இரண்டாம் நாள் டாக்டர் வலது மணிக்கட்டில் பெரிய கட்டோடு காணப்பட்டார். பரிமாற்றத் திட்டப்படி அவர் மெக்கானிக் மகளுக்கு ஒதுக்கப்பட்டார். அவள் நான்கு மணிக்கு மேலே போனாள். அதே நேரத்தில் டாக்டர் மகள் கீழே வந்தாள். படிக்கட்டில் ஒருவரை ஒருவர் தாண்டும்போது, "எங்கப்பாவுக்குக் கண்ணாடி மேஜை மேல இருக்கு", "எங்கப்பாவுக்கு ரெண்டு தலையணை" என்று சொல்லிக்கொண்டார்கள்.

முதல் நாள் மகள் திரும்பியதும் மெக்கானிக் விசாரித்தார். "என்ன செஞ்சே அவருக்கு?"

"ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தேன். பேப்பர் படிச்சேன். அப்புறம் அவர் அழுதாரு."

"அழுதாரா? ஏன்?"

"தெரியலப்பா. பாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல."

விழா முடிந்து பத்தாம் நாள் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் மகள் கடைசியாக ஒரு கையெழுத்து வாங்கினாள். பயனாளி குணமடைந்ததால் கோப்பு முடிக்கப்பட்டது என்று பாரத்தில் அச்சடித்திருந்தது. மறுநாள் நான்கு மணிக்கு மெக்கானிக் சோபாவில் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாடிப்படியில் காலடிச் சத்தம் இறங்கி வந்தது. வாசலைத் தாண்டியது. எதிர் வீட்டு அழைப்பு மணி அடித்தது. எதிர் வீட்டுத் தையல்காரருக்கு அந்த வாரம் கண் அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

தையல்காரருக்கு இரண்டு கண்ணா, ஒரு கண்ணா என்று மெக்கானிக் மனைவியிடம் கேட்டார். ரெண்டும்தான் என்றாள் அவள். அப்படியானால் எட்டு வாரம் என்று கணக்குப் போட்டார். அந்த மனிதர் இதுவரை இவருக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. இனி அவரிடம் சட்டை தைக்கக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்.

உள்ளே இருக்கப் பிடிக்காமல் வெளியே வந்தார். மாடிப்படியில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தார். இரண்டு பேரின் மகள்களும் எதிர் வீட்டுக்குள் இருந்தார்கள். இரண்டு கண் என்பதால் ஆளுக்கு ஒன்று; மணிக்கட்டை விடக் கண்ணுக்குக் கணக்கு அதிகம். மெக்கானிக் இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணு நல்லா ஆரஞ்சு உரிப்பா" என்றார் டாக்டர். "நாரெல்லாம் எடுத்துட்டுத்தான் தருவா."

"நார் எடுத்தாளா?"

"ஒண்ணு விடாம."

மெக்கானிக்குச் சுருக்கென்றது. மகளைப் பெற்ற எட்டு வருஷமாக அவர் நாரோடுதான் தின்கிறார்.

"உங்க பொண்ணு போறப்போ என் கால்விரல் மேல போர்வையை இழுத்துவிட்டுப் போவா" என்றார் பதிலுக்கு.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "வேற என்ன செய்வா? பேசுவாளா?"

"பேசுவா."

"என்ன பேசுவா?"

மெக்கானிக் சுவரைப் பார்த்தார். அது அவர் ஆறு வாரம் காலைக் கொடுத்துச் சம்பாதித்தது. அதைத் தூக்கி மேல் வீட்டுக்காரரிடம் எதற்குக் கொடுக்க வேண்டும்? "சும்மா, ஸ்கூல் விஷயம்" என்றார்.

டாக்டர் எழுந்து இரண்டு படி இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டை அவிழ்த்தார். உள்ளே மணிக்கட்டு சௌக்கியமாக இருந்தது.

"ஒண்ணும் ஆகல எனக்கு. மேடையில அவ உங்க கையைப் பிடிச்சிருந்தா. என்னால தாங்க முடியல."

மெக்கானிக் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சொன்னார். "வாயைத் திறன்னு சொல்றப்போ மட்டும்தான் நீங்க அவ முகத்தைப் பாக்குறீங்களாம். அப்பவும் பல்லைத்தான் பாக்குறீங்களாம்."

டாக்டர் கட்டுத்துணியைச் சுருட்டினார். பிரித்தார். மறுபடி சுருட்டினார்.

"உங்க பொண்ணும் ஒண்ணு சொன்னா" என்றார். "அதைக் கேட்டுத்தான் அன்னைக்கு எனக்கு அழுகை வந்துடுச்சு. 'எங்கப்பா என்னைக் கூட்டிட்டுப் போக வந்தா முதல்ல பலகைகிட்டதான் போவாரு அங்கிள், என் பேருக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு பாத்துட்டு அப்புறம்தான் என்னைத் தேடுவாரு'ன்னா."

எதிர் வீட்டில் தையல்காரர், "போதும்மா, போதும், நல்லாத் தெரியுது எனக்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு மகள் வீட்டுக்கு வந்தபோது மெக்கானிக் மேஜையில் ஒரு தட்டோடு உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கிரீஸ் படிந்த பெரிய விரல்களுக்கு நார் பிடிபடவில்லை. இரண்டு சுளை நசுங்கிப்போயிருந்தன. மிச்சத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"எதுக்குப்பா? படம் எடுக்கணுமா?"

"வேணாம். சாப்பிடு."

அவள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு அவரையே சந்தேகமாகப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். முன் பல் ஒன்று விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டார். போன மாதம் என்றாள். பிறகு அது எப்படி விழுந்தது என்று நீளமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

மேலே நாற்காலி இழுபட்டது. யாரோ சமையலறைப் பக்கம் போனார்கள். கூடவே சின்னக் காலடிகளும் போயின. மெக்கானிக் கூரையை அண்ணாந்து பார்த்தார். அந்த மனிதர் இந்நேரம் எத்தனை பழம் உரித்திருப்பாரோ. பல் பிடுங்கிப் பழகிய கை, ஒரு நாரும் தப்பியிருக்காது.

மகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே அவர் இன்னொரு ஆரஞ்சை எடுத்தார்.